வண்டி தந்தோம், வழி தந்தோமா?

காலை எட்டு மணி. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. சாலையின் ஓரத்திலே, தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்திலே, ஒரு முழ அகலத்துக்குள்ளே, ஒன்றன்பின் ஒன்றாகச் சைக்கிள்கள் வருகின்றன. ஏறி வருவோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். முதுகிலே புத்தகப் பை. கைப்பிடியிலே சோற்றுப் பை. பின்னாலே லாரி அலறுகிறது. அந்த லாரியை முந்தப் பஸ் ஒன்று பாய்கிறது. முன்னே செல்லும் மாணவி இடப்பக்கம் ஒதுங்குகிறாள். சக்கரம் தாரை விட்டுச் சரளையில் இறங்குகிறது, வண்டி ஆடுகிறது, ஒரு காலை ஊன்றி நின்றுகொள்கிறாள். பஸ் போய்விட்டது. புழுதி அடங்குகிறது. அவள் மறுபடியும் ஏறி மிதிக்கிறாள்.

இன்றைக்குத் தப்பினாள். நாளைக்கு?

தமிழ்நாட்டிலே இந்தக் காட்சியைக் காணாதவர் எவரும் இல்லை. கண்டு கண்டு பழகிப்போனோம். பழகிப்போன காரணத்தாலேயே, இதிலே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையும் மறந்துபோனோம்.

அந்த மாணவி ஏறி வருகிற சைக்கிள் அரசு கொடுத்தது. 2001-2002-ஆம் ஆண்டிலே ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம், அடுத்த சில ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று விரிந்தது. ஆட்சிகள் மாறின, திட்டம் நிற்கவில்லை. ஆண்டொன்றுக்கு லட்சக்கணக்கான சைக்கிள்கள் வழங்கப்பட்டு வருகின்றன. இந்த நாட்டிலே வேறு எந்த மக்கள் நலத் திட்டமும் இத்தனை பிள்ளைகளின் கைகளிலே இத்தனை நேரடியாக ஒரு விடுதலைக் கருவியைக் கொடுத்ததில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டுத்தான் கேட்கிறோம்:

வண்டி தந்தோம், வழி தந்தோமா?

ஏர் கொடுத்தோம், உழுவதற்கு நிலம் கொடுக்கவில்லை. வலை கொடுத்தோம், கடலுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டோம். சைக்கிள் கொடுத்தோம், அது ஓடுவதற்கென்று சாலையிலே ஒரு கஜ இடம் ஒதுக்கவில்லை. இதுதானே இன்றைய நிலை?

புதுக்கோட்டை சொன்ன பாடம்

சைக்கிள் என்பது வெறும் இரும்புக் குழாயும் இரண்டு சக்கரமும் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1991-ஆம் ஆண்டிலே அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவு ஊட்ட வந்த இயக்கம், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயலிலே கூலி வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமத்துச் செவிலியர்கள் — இவர்களெல்லாம் சைக்கிள் பழகினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் கேலி பேசினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பியின்மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள். ஒரு லட்சம் பெண்கள் வரை அந்த மாவட்டத்திலே சைக்கிள் பழகினர் என்று கணக்கிட்டார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திராமல் வேலைக்குப் போனாள். அண்ணனையும் கணவனையும் கெஞ்சாமல் சந்தைக்குப் போனாள். தண்ணீர்க் குடத்தைத் தலையிலிருந்து இறக்கிக் காரியரில் வைத்தாள். இதைவிடப் பெரிய சமூகப் புரட்சியை இத்தனை மலிவான பொருள் ஒன்று வேறெங்கே செய்திருக்கிறது?

பீகாரிலே 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ 30 சதவிகிதம் உயர்ந்தது என்று கண்டார்கள். பள்ளி எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்குச் சைக்கிளின் பயன் பெரிதாயிருந்தது. தொலைவுதான் பெண் கல்வியின் எதிரி. அந்த எதிரியைச் சைக்கிள் வென்றது.

வென்றது உண்மை. ஆனால், தொலைவைக் கண்டு அஞ்சிய தாய், இப்போது லாரியைக் கண்டு அஞ்சுகிறாள். “சைக்கிள் வேண்டாம், பஸ்ஸிலே போ” என்கிறாள். பஸ் இல்லாத ஊரிலே, “படித்தது போதும்” என்கிறாள். கொட்டகையிலே புழுதி படிந்து நிற்கும் இலவசச் சைக்கிளைக் காட்டி, “பார்த்தீர்களா, கொடுத்தும் ஓட்டவில்லை” என்று ஏளனம் பேசுவோர், அந்தத் தாயின் அச்சத்தை ஒரு நாளாவது கேட்டிருப்பார்களா?

சாலை யாருக்கு?

அச்சம் கற்பனையன்று. 2022-ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கே கூறுகிறது. அவர்களிலே நடந்து சென்றோர் 32,825 பேர். சைக்கிளில் சென்றோர் 4,836 பேர். புகையும் கக்காமல், எவரையும் இடித்துக் கொல்லும் வேகமும் இல்லாமல், காலால் நடந்தும் காலால் மிதித்தும் சென்ற 37,000 பேருக்கு மேல் ஒரே ஆண்டிலே மாண்டனர். ஒரு போரிலே இத்தனை பேர் இறந்தால் பாராளுமன்றம் கூடும். சாலையிலே இறந்தால், பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்திலே நான்கு வரி.

“சைக்கிள் ஓட்டுவோர் குறைந்துவிட்டனரே, அவர்களுக்கு எதற்குத் தனிப் பாதை?” என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. சென்னைக் கணக்கைப் பார்ப்போம். 1970-ல் அந்நகரத்தில் நிகழ்ந்த பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சைக்கிளில் நிகழ்ந்தது. 2008-ல் எடுத்த கணக்கிலே அது ஏறத்தாழ 6 சதவிகிதமாகச் சுருங்கிற்று. குறைந்தது மெய். ஏன் குறைந்தது? கால்கள் பலவீனப்பட்டா? இல்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், மரத்தை வெட்டினார்கள், நடைபாதையை நறுக்கினார்கள், மேம்பாலம் கட்டினார்கள், அந்த மேம்பாலத்தின் அடியிலே சைக்கிள்காரனை நிற்கவைத்து, “இனி உன் பாடு” என்று விட்டுவிட்டார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டு, “இந்த ஊரிலே தண்ணீர் இறைப்பாரே இல்லை, கிணறு எதற்கு?” என்று கேட்பது நியாயமானால், இந்தக் கேள்வியும் நியாயந்தான்!

அதே 2008-ஆம் ஆண்டுக் கணக்கிலே காரில் நிகழ்ந்த பயணங்களும் ஏறத்தாழ 6 சதவிகிதந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால் நடையாகச் சென்றவை கால் பங்குக்கும் மேல். ஆனால் சாலையிலே யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்? ஓடும்போது ஓர் இடம். நிற்கும்போது ஓர் இடம். நாள் முழுதும் நிழல் தேடி ஓர் இடம். பொதுப்பணத்தில் போட்ட சாலையிலே சிலருக்குப் பந்தி, பலருக்குப் புறக்கடை.

கொல்கத்தாவிலே இதைவிடக் கொடுமை நடந்தது. 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளே செல்லக்கூடாதென்று தடை போட்டார்கள். பால்காரர், பத்திரிகை போடுகிறவர், மீன் விற்கிறவர், தச்சர், கொத்தர் — இவர்களெல்லாம் வேக வாகனங்களுக்கு இடைஞ்சலாம்! சைக்கிள் ஓட்டுவோர் கூடிப் போராடினார்கள். நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. தடைப்பட்ட சாலைகளின் எண்ணிக்கை பின்னர் குறைக்கப்பட்டது. போராடியதனால் குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தானாகக் குறையவில்லை.

டச்சு நாட்டிலே நடந்தது

“தனிப் பாதை, பாதுகாப்பு என்பதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி. ஹாலந்து நாட்டாருக்குச் சைக்கிள் பிறவிப் பழக்கம். நமக்கு ஒத்து வராது” என்று சிலர் தட்டிக் கழிப்பர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி ஒரு காலத்தில் வணிகம் நடத்திய அதே டச்சுக்காரரின் நாட்டைத்தான், நெதர்லாந்தைத்தான் சொல்கிறார்கள். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மக்கள். மக்கள் தொகையைவிட அதிகமான சைக்கிள்கள். இன்று பார்ப்பவர்க்கு அது பிறவிப் பழக்கமாகத்தான் தோன்றும். நேற்று என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பணம் பெருகிற்று, கார் பெருகிற்று. சைக்கிள் ஓட்டுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தனர். நம் நகரங்களில் நடப்பது போலவே அங்கும் சாலையை அகலப்படுத்த வீடுகளை இடித்தனர். 1967-ல் டேவிட் யோக்கினன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே ஆறு வழிச் சாலை கொண்டுவர வேண்டும், அதற்காகக் கால்வாயைத் தூர்க்கலாம், தொழிலாளர் குடியிருப்பை இடிக்கலாம் என்று திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதுதான் முன்னேற்றம் என்று பேசியவர்கள் அங்கும் இருந்தார்கள்.

முன்னேற்றத்தின் விலை என்ன? 1971-ஆம் ஆண்டிலே அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் சாலைகளில் இறந்தோர் 3,000-க்கும் மேல். அவர்களிலே 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

அந்த ஆண்டு மகளைப் பறிகொடுத்தவர்களிலே ஒருவர் விக் லாங்கன்ஹோஃப். அவர் ஒரு பத்திரிகையாளர். அழுதார், அழுததோடு நிற்கவில்லை. 1972 செப்டம்பரிலே தம் நாளேட்டிலே எழுதினார். பெற்றோரே கூடுங்கள், அரசை நெருக்குங்கள் என்றார். அந்த எழுத்திலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. அதன் பெயர்: ‘குழந்தைக் கொலையை நிறுத்து!’

பெயரைக் கவனியுங்கள். ‘விபத்தைத் தவிர்ப்போம்’ என்று பெயர் வைக்கவில்லை. ‘சாலை விதிகளை மதிப்போம்’ என்று வைக்கவில்லை. கொலை என்றார்கள். விபத்து என்று சொன்னால் பழி விதியின்மேல் போய்விடும். கொலை என்று சொன்னால், “கொன்றது எது? அதை அப்படி அமைத்தது யார்?” என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அந்த நாட்டுத் தாய்மார்கள் தெருவிலே நின்று கேட்டார்கள்.

இயக்கத்தின் முதல் தலைவியாக விளங்கிய இளம் பெண் மார்ட்யே வான் புட்டன். பின்னாளில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரானவர். குழந்தைகள் அடிபட்ட இடங்களிலே போய்ச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஒரு நாள் தெருவை அடைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். தெரு நடுவே மேசை போட்டு அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடி விருந்துண்டார்கள். பிரதமர் டென் அய்ல் வீட்டுக்கே சைக்கிளில் சென்று பாட்டுப் பாடினார்கள்; அவரும் வெளியே வந்து கேட்டார். கல்லெறியவில்லை, பஸ்ஸைக் கொளுத்தவில்லை. ஆனால் விடவும் இல்லை.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் மாதம் தொடங்கிச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அந்நாட்டு அரசே ஆணையிட்டது. ஓசையற்ற சாலையிலே குழந்தைகள் சக்கரச் செருப்பு மாட்டி விளையாடினர். சாலை எப்படி இருக்கக்கூடும் என்று மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு மறப்பது எளிதா?

1975-ல் சைக்கிள் ஓட்டுவோரே தனிச் சங்கம் அமைத்தனர். ஆபத்தான தெருக்களிலே இரவோடிரவாகப் போய்ச் சைக்கிள் பாதைக்கான கோடுகளைத் தாங்களே வரைந்தார்கள். போலீஸ் பிடித்தது. மறுநாள் பத்திரிகையிலே செய்தி வந்தது. பிறகு நகராட்சி அதே இடத்திலே கோடு போட்டது. கால்வாயைத் தூர்க்கும் திட்டமோ காகிதத்தோடு போயிற்று.

ஆக, பிறவிப் பழக்கம் என்பது பொய். பெற்றது போராட்டத்தால். பெற்றவர்கள், பிள்ளையை இழந்த பெற்றோர்கள்.

சங்கிலி அறுந்தால் மிதித்துப் பயனில்லை

இந்தக் கதையில் நாம் பெரிதும் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. மக்கள் கேட்டார்கள், அரசு இணங்கிற்று. சரி, என்ன கட்டினார்கள்?

முதலிலே ஹேக், டில்பர்க் என்ற இரு நகரங்களிலே, 1970-களின் நடுவிலே, அரசு தன் செலவில் மாதிரிப் பாதை ஒவ்வொன்று அமைத்தது. அகலமான பாதை, அழகான பாதை. ஹேக் நகரிலே கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆயினும் கட்டினார்கள். விளைவு? அந்தப் பாதையிலே கூட்டம் கூடிற்று. ஆனால் நகரம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் எதிர்பார்த்த மாறுதல் வரவில்லை. ஏன்? வீட்டிலிருந்து அந்தப் பாதைக்குப் போகவும், அந்தப் பாதையிலிருந்து பள்ளிக்கோ ஆலைக்கோ போகவும், பழைய ஆபத்தான தெருவைத்தானே கடக்க வேண்டியிருந்தது?

அடுத்து டெல்ஃப்ட் என்ற சிறு நகரத்தில் வேறு வழி பார்த்தார்கள். 1979-ல் திட்டம் வகுத்து 1980-களில் நிறைவேற்றினார்கள். ஒரு பாதை அல்ல. நகரம் முழுவதையும் பின்னும் ஒரு வலை. நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லப் பெரும் பாதைகள், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இடைவெளிக்கு ஒன்று. அவற்றுக்கிடையே வட்டாரப் பாதைகள். அவற்றுக்கும் இடையே தெருவளவிலான சிறு வழிகள். எங்கே கால்வாய் குறுக்கிட்டதோ அங்கே சிறு பாலம். எங்கே ரயில் பாதை மறித்ததோ அங்கே சுரங்க வழி. பல இடங்களில் புதிதாகக் கட்டியது கொஞ்சந்தான். அறுந்து கிடந்ததை முடிந்ததுதான் அதிகம். சைக்கிள் ஓட்டுவோர் பெருகினர். அன்றிலிருந்து இணைந்த வலை என்பதே அந்நாட்டின் கொள்கையாயிற்று.

சைக்கிளின் சங்கிலியிலே தொண்ணூற்றொன்பது கண்ணி நன்றாக இருந்து ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? நூறிலே ஒன்றுதானே போயிற்று, தொண்ணூற்றொன்பது பங்கு வேகத்தில் வண்டி ஓடும் என்று யாரேனும் கூறுவரா? ஓடாது. அடியோடு நின்றுவிடும். பாதையும் அப்படித்தான். ஐந்து கிலோமீட்டர் வழியிலே நாலே முக்கால் கிலோமீட்டர் பாதுகாப்பாக இருந்து, கால் கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே விட்டுவிட்டால், அந்தத் தாய் மகளை அனுப்ப மாட்டாள். அவள் வழியை அளப்பது சராசரியால் அல்ல. மிக ஆபத்தான இடத்தை வைத்தே அளக்கிறாள். அவள் கணக்கே சரியான கணக்கு.

டச்சு நாட்டிலே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2022-ல் அங்கே சாலையில் இறந்த 737 பேரில் 291 பேர் சைக்கிளில் சென்றவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அந்தக் கவலையை அவர்கள் இன்றும் படுகிறார்கள். ஆனால் 1971-ல் இறந்தோரோடு ஒப்பிட்டால் மொத்த எண்ணிக்கை கால் பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அன்று பள்ளிப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன சாலையிலே இன்று பிள்ளைகள் தனியே பள்ளிக்குச் செல்கிறார்கள்.

“வெயில் காயுமே!”

அடுத்து வரும் ஆட்சேபம் வெயில். “அது குளிர் நாடு. நம் வெயிலில் யார் மிதிப்பார்?” என்பர். வெயில் நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் செவில் என்ற நகரம். கோடையிலே 40 டிகிரியைத் தாண்டும் வெப்பம். அங்கே சைக்கிள் ஓட்டுவோர் 1987-லேயே சங்கம் வைத்துப் பாதை கேட்டனர். பல ஆண்டுகள் எவரும் செவிசாய்க்கவில்லை. பின்னர் 2006-ல் நகர ஆட்சி வேலையைத் தொடங்கிற்று. ஆண்டுக்கு ஒரு தெரு என்று சொட்டுச் சொட்டாக அல்ல. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சிலே, ஒன்றோடொன்று இணைத்து, கார்களிலிருந்து பிரித்துக் கட்டினார்கள். கார் நிறுத்தும் இடங்கள் ஆயிரக்கணக்கில் போயின. 2010 வாக்கில் 120 கிலோமீட்டர் ஆயிற்று. நாளொன்றுக்குச் சில ஆயிரமாயிருந்த சைக்கிள் பயணங்கள் 60,000-ஐத் தாண்டின.

வெயில் மாறவில்லை. மக்களின் கால் மாறவில்லை. வழி மாறிற்று, வாழ்க்கை மாறிற்று.

நம் நாட்டிலேயே வெயிலைப் பாராமல் மிதிக்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சைக்கிளில் வேலைக்குச் சென்றார்கள். அவர்களுக்கு வெயில் தடையாக இல்லை. வெயிலில் மிதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வெயிலைப் பற்றிக் கவலைப்படுவோர் உண்மையிலேயே அவர்கள்மேல் இரக்கமுள்ளவரானால், சாலையை அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டாமல் விடட்டும். ஒரு புளிய மரம் கொடுக்கும் நிழலை எந்தச் சட்டமும் கொடுக்காது.

ஏட்டிலே இருப்பது நாட்டிலே வரட்டும்

நம்மிடம் விதிகள் இல்லையா? தாராளமாக இருக்கின்றன. 1962-லேயே, ஆம், அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே, இந்தியச் சாலைக் காங்கிரஸ் சைக்கிள் பாதையை எவ்வாறு அமைக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2015-ல் அதைத் திருத்தி வெளியிட்டது. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட நகரப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மக்களைக் கருத்தில் கொண்டே சாலை இடத்தைப் பங்கிட வேண்டும் என்றது. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையிலே பாதுகாப்பாக நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று கூறிற்று. ஏடு நிறைய இருக்கிறது. நாட்டிலே எங்கே?

நாட்டிலே உள்ளது என்ன என்பதற்குப் புனே நகரம் சான்று. ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்ற ஊர். அங்கே பாதை கட்டினார்கள். ஆனால் துண்டு துண்டாகக் கட்டினார்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுவிலே மின்கம்பம், சந்திப்பு வந்ததும் பாதை மாயம். ஓட்டுவோர் வரவில்லை. வராததைக் காட்டி, “கட்டியும் பயனில்லை” என்றனர் சிலர். அறுந்த சங்கிலியை மாட்டிக் கொடுத்துவிட்டு, “மிதிக்கத் தெரியவில்லை” என்று பழிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பாதை எங்கே அறுகிறது என்று பொறியாளர் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் போதும். நான்கு வழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளக்கிறது. பள்ளி அந்தப் பக்கம்; வீடு இந்தப் பக்கம். நடுத்தடுப்பிலே திறப்பு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளை என்ன செய்யும்? எதிர்த்திசையிலே ஓரமாக ஓட்டி வரும். “விதியை மீறினான்” என்று எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். விதியை மீறும்படிச் சாலையை அமைத்தது யார் என்று எழுதுவதில்லை. வாய்க்கால் பாலம் வந்ததும் ஓரம் இல்லை. மேம்பாலம் இறங்கும் இடத்திலே வேகம் அடங்குவதில்லை. பஸ் நிறுத்தத்திலே பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓரத்தை அடைத்துக்கொள்கின்றன. இவைதான் அறுந்த கண்ணிகள். இவற்றை முடிந்தால், ஏற்கெனவே உள்ள ஊர்த் தெருக்களும் ஏரிக்கரைகளும் உட்சாலைகளும் சேர்ந்து வலையாகிவிடும்.

“சாலை அகலம் போதாது” என்பர். இரண்டு சைக்கிள் அருகருகே செல்ல ஏறத்தாழ இரண்டு மீட்டர் போதும். நின்று கிடக்கும் ஒரு காரின் இடந்தான் அது. குறுகிய தெருவிலே தனிப் பாதையே வேண்டாம். வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கட்டினால் போதும். அந்த வேகத்தில் மோதினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். வேகம் ஏற ஏறப் பிழைப்பது அரிதாகும். “தள்ளுவண்டிக்காரர்கள் அடைத்துக்கொள்வார்கள்” என்பர். ஏழை வியாபாரியைச் சைக்கிள் ஓட்டும் ஏழைக்கு எதிரியாக நிறுத்தும் பழைய தந்திரம் இது. தெருவோர வியாபாரிகளுக்கு இடம் வகுத்துக் கொடுக்க 2014-லேயே மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. அவர்களுக்கும் இடம் வகுக்கட்டும்; பாதைக்கும் வகுக்கட்டும்.

நாம் என்ன செய்வது?

கோரிக்கை பெரிதன்று. பள்ளியிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியையும் நடுவாக வைத்து, சுற்றிலும் மூன்று கிலோமீட்டர் வட்டத்திலே, பிள்ளைகள் வரும் வழிகளைப் படமாக வரையட்டும். எங்கே பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளே குறிக்கட்டும். குறித்த இடங்களை ஒவ்வொன்றாக அல்ல, ஒரு சேரச் சரி செய்யட்டும். சைக்கிள் வாங்கும் பணத்தோடு, அந்தச் சைக்கிள் ஓடும் வழிக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கட்டும். கட்டிய நீளத்தை மட்டும் கணக்குக் காட்டாமல், “இத்தனை பள்ளிகளுக்கு வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அறுபடாத வழி உண்டு” என்று கணக்குக் காட்டட்டும். கிலோமீட்டரை எண்ணினால் ஒப்பந்தக்காரர் மகிழ்வார். இணைந்த வழியை எண்ணினால்தான் பிள்ளை பிழைக்கும்.

இதை யார் கேட்பது? கேட்க வேண்டியவர்கள் நாம்தான். தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களிலே பகுதி சபைகள் இருக்கின்றன. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடும் நாம், பள்ளி செல்லும் வழிக்கும் ஒரு தீர்மானம் போடக்கூடாதா? பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு நாள் காலையிலே பிள்ளைகளோடு சைக்கிளிலே வந்து பார்க்கக்கூடாதா? வார்டு உறுப்பினரையும், சாலைப் பொறியாளரையும், காவல் ஆய்வாளரையும் கூப்பிட்டு, “ஐயா, காரை இங்கே விட்டுவிட்டு இந்த ஒரு மைல் எங்கள் பிள்ளையோடு மிதித்து வாருங்கள்” என்று கேட்கக்கூடாதா? வரட்டும். லாரி உரசிக்கொண்டு போகும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்போம்.

டச்சு நாட்டுத் தாய்மார்கள் கேட்டதற்குக் காரணம் அவர்கள் பிள்ளைகள் மாண்டார்கள். நாமும் அதற்காகக் காத்திருக்க வேண்டுமா? ஏற்கெனவே மாண்டவர்களின் கணக்கு போதாதா?

புதுக்கோட்டைப் பெண் கேலியை மீறி மிதித்தாள். அவள் மகள் வயது வந்த பெண்கள் பள்ளிக்கு மிதித்தார்கள். இன்று காலை, சரளையிலே ஒரு காலை ஊன்றி நின்று, புழுதி அடங்கியதும் மறுபடி ஏறினாளே, அந்தப் பிள்ளையும் தன் பங்குக்கு மிதித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தன் கடமையைச் செய்துவிட்டாள். வண்டி தந்த நாடு, வழியும் தரட்டும்!